மறைந்த பொறியாளர் நண்பருக்கு நினைவுரை எழுதுவது எப்படி

மொரீசியசில் மின்நிலையத்திலோ சர்க்கரை ஆலையிலோ நம்மோடு நெடுங்காலம் பணியாற்றிய பொறியாளர் ஒருவர் மறைந்தால், 16-ஆம் நாள் காரியத்தில் நான்கு வார்த்தை பேசும்படி வீட்டார் நம்மைக் கேட்பதுண்டு. அவர் அன்பானவர், உதவும் மனத்தவர் என்று சொல்ல உறவினர் பலர் இருப்பார்கள். இரவுப் பணியில் அவர் என்ன செய்தார் என்பதை உடன் நின்றவர்தான் சொல்ல முடியும். ஆகவே உரையின் பெரும்பகுதி வேலையைப் பற்றியதாகவே இருக்கட்டும்.

ஒரே ஒரு சம்பவத்தைத் தேர்ந்துகொண்டு அதை முழுமையாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, ஏறத்தாழ ஜூன் முதல் டிசம்பர் வரையிலான கரும்பு வெட்டும் பருவத்தில், ஆலையை ஒட்டிய மின்நிலையங்கள் கரும்புச் சக்கையை எரித்து நீராவி எடுக்கின்றன. ஆலையிலிருந்து வரும் சக்கையின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர்தான். மழையில் ஈரம் மேலும் ஏறினால் உலையின் சூடு தணிந்து, நீராவி அழுத்தம் இறங்கி, நீராவியால் சுழலும் டர்பைனின் சுமையை, அதாவது மின் உற்பத்தியை, குறைக்க வேண்டி வரும். "அவர் பெரும் திறமைசாலி" என்று எழுதுவதைவிட, அப்படியொரு இரவில், அளவுமானியின் முள் இறங்கத் தொடங்குமுன்பே பாய்லரின் பார்வைத் துளை வழியே சுடர் மங்குவதைக் கண்டு அவர் முன்னெச்சரிக்கை செய்திருந்தால், அதை எழுதுங்கள். இயந்திர விளக்கம் மூன்று வரிகளைத் தாண்ட வேண்டாம். முன்வரிசையில் இருக்கும் அவருடைய மனைவிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அது விளங்க வேண்டும்.

ஆண்டுகளைச் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். எல்லாரும் அறிந்த நிகழ்வுகளோடு ஒட்டிக் கேட்டால் விடை எளிதில் கிடைக்கும்: 1975-இன் ஜெர்வேஸ் சூறாவளி, 1984-இல் வந்த ஷாம்பாஞ் நீர்மின் நிலையம், 1994-இன் ஹொலாண்டா சூறாவளி. "ஹொலாண்டாவுக்கு முன்பா, பின்பா?" என்று கேட்டால், ஓய்வுபெற்ற ஃபோர்மன்கூட யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவார்.

குழுவாகச் செய்த வேலையை அவர் ஒருவர் பேரில் ஏற்றிவிடக் கூடாது. அன்று வால்வைக் கழற்றிய ஃபிட்டர் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருக்கக்கூடும்; அவர் பெயரையும் சொல்வதே மறைந்தவருக்கும் மரியாதை. முன்கோபத்தைக் குறிப்பிடலாமா என்று சிலர் தயங்குவார்கள். அவரே தம் கோபத்தைச் சொல்லிச் சிரித்தவரானால் தாராளமாகக் குறிப்பிடலாம், இல்லையேல் விட்டுவிடுவதே நல்லது. விபத்து, விசாரணை, பதவி உயர்வுத் தகராறு ஆகியவற்றுக்கு அந்தச் சபை இடமல்ல.

வீட்டில் கிரியோல் என்னும், பிரெஞ்சிலிருந்து பிறந்த இவ்வூர் மொழியைப் பேசும் தமிழ்க் குடும்பங்களே இங்கு மிகுதி என்பதால், வணக்கத்தையும் பிரார்த்தனையையும் தமிழில் வைத்துக்கொண்டு சம்பவத்தைக் கிரியோலில் சொல்வது நல்லது. முழுவதையும் தமிழிலேயே ஒருவர் படிக்கும்போது, இளையவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாதபடி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பேசி முடித்தபின் தாளை வீட்டாரிடமே கொடுத்துவிடுங்கள். ஆலையில் எடுத்த குழுப்படம் இருந்தால், அதில் நிற்பவர்களின் பெயர்களைப் பின்புறம் எழுதி அதனுடன் சேர்த்துக் கொடுக்கலாம்.