987654321-ஐ கையாலயே பிரிச்சு மேயுறது எப்படி?

பெரிய நம்பர் ஒண்ணைக் குடுத்து இதோட காரணிகள் என்னன்னு கேட்டா நிறைய பேரு உடனே கால்குலேட்டரைத் தூக்கிடுறாங்க, ஆனா பேப்பர் பேனாவோட உக்காந்தா தான் அந்த நம்பரோட குணம் புரியும். 987654321-ஐயே எடுத்துக்குங்க, 98 கோடியே 76 லட்சத்து 54 ஆயிரத்து 321.

கடைசி இலக்கம் 1, அதனால 2, 5 ரெண்டும் அவுட். இலக்கங்களைக் கூட்டுனா 45 வருது, ஸோ 9-ஆல வகுபடும், வகுத்தா 109739369. இதோட கூட்டல் 47, 3-ஆல போகாது, அப்ப 3 ரெண்டே தடவை தான். காரணி கிடைச்ச உடனே வகுத்து நம்பரைச் சின்னதாக்கிடுங்க, இத மட்டும் விட்டுடாதீங்க, பழைய பெரிய நம்பரையே கட்டிக்கிட்டு அழுதா வேலை இழுத்துக்கிட்டே போகும்.

அடுத்து 7, 11, 13. இந்த மூணையும் ஒரே அடியில பாத்துடலாம், ஏன்னா 7×11×13 = 1001. வலது பக்கத்துல இருந்து மூணு மூணு இலக்கமா வெட்டி மாத்தி மாத்தி கழிச்சு கூட்டணும்: 369 − 739 + 109 = −261. மைனஸை விட்டுடுங்க, 261-ஐ 7-ஆல வகுத்தா மீதி 2, 11-ஆல 8, 13-ஆல 1. மூணும் இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஸ்டெப் இது தான்.

17-க்கு ஷார்ட்கட் தேடாம நேரா வகுத்துடுங்க, மீதி இல்லாம 6455257 வரும். ஒரு தடவை போச்சேன்னு அடுத்த எண்ணுக்குத் தாவிடக்கூடாது, அதே 17-ஐ மறுபடி போடுங்க, 379721 வரும், மூணாவது தடவை மீதி 9, இப்ப தான் 17 முடிஞ்சுது.

379721-ஓட வர்க்கமூலம் 616 சொச்சம், அதனால 19-ல இருந்து 613 வரைக்கும் இருக்குற 105 பகா எண்ணைப் பாத்தா போதும், எதுவுமே வகுக்காது, அதுவே பகா எண். பொறுமை இல்லன்னா லினக்ஸ் டெர்மினல்ல ஃபேக்டர் கமாண்டு போட்டு செக் பண்ணிக்குங்க.

ஆக 987654321 = 3² × 17² × 379721. அடுக்கு ஒவ்வொண்ணோடயும் 1 கூட்டிப் பெருக்குனா 3×3×2 = 18 வகுத்திகள். வர்க்க எண்ணுக்கு வகுத்திகள் ஒற்றைப்படையில தான் வரும், இங்க இரட்டைப்படை, அதனால இது வர்க்க எண் இல்ல. வகுத்திகளோட கூட்டுத்தொகைக்கு ஒவ்வொரு பகா எண்ணோட அடுக்குகளையும் 1-ல இருந்து கூட்டிப் பெருக்கணும்: (1+3+9) × (1+17+289) × (1+379721) = 13 × 307 × 379722, அதாவது 1515470502.

இன்னொண்ணு, 123456789-ஐ 8-ஆல பெருக்கிப் பாருங்க, 987654312 வரும், நம்ம நம்பருக்கு வெறும் 9 தான் குறைச்சல்! ரெண்டையும் வகுக்குற எண் எதுவா இருந்தாலும் அது இந்த 9-ஐயும் வகுத்தாகணும், ரெண்டுமே 9-ஆல வகுபடுது, ஸோ மீப்பெரு பொது வகுத்தி சரியா 9. அதனால 123456789-க்குக் காரணி தேட உக்காந்தீங்கன்னா 17-ஐப் போட்டுப் பாக்கவே வேணாம்.