கேம் லேக் ஆகிறதா? கோளாறு எந்த இடத்தில் என்று முதலில் பிடியுங்கள்

பிளான் 100 எம்பிபிஎஸ். ஸ்பீடு டெஸ்ட் போட்டால் நூறும் முழுசாக வருகிறது. ஆனாலும் வேலரண்ட் என்ற சுடும் கேமில் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகுதான் குண்டு வந்து விழுகிறது. இந்த இடத்தில் பலர் செய்வது பிளானை 200-க்கு ஏற்றுவது. காசு போகும், லேக் போகாது. ஆடும்போது போய்வரும் டேட்டா பெரும்பாலான கேம்களில் 1 எம்பிபிஎஸ்ஸை ஒட்டித்தான் இருக்கும். அந்தக் கொஞ்சம் டேட்டா தாமதமில்லாமல், சீராக, வழியில் தொலையாமல் போய்வர வேண்டும், அவ்வளவுதான் தேவை.

உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து நெட் கம்பெனி, அங்கிருந்து கேம் சர்வர் என்று வழி மூன்று துண்டாகக் கிடக்கிறது. எந்தத் துண்டில் கோளாறு என்று தெரியாமல் செட்டிங்ஸை மாற்ற ஆரம்பித்தால் கடைசியில் எதை மாற்றினோம் என்பதே மறந்துபோகும். அளந்து பார்த்துவிட்டுக் கைவையுங்கள்.

நெட்டா, கம்ப்யூட்டரா?

வேலரண்டில் செட்டிங்ஸ், வீடியோ, ஸ்டாட்ஸ் என்று போனால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்), நெட்வொர்க் ஆர்டிடி (டேட்டா சர்வருக்குப் போய்வரும் நேரம், அதாவது பிங்), பாக்கெட் லாஸ் (வழியில் தொலையும் டேட்டாத் துண்டுகள்) மூன்றையும் திரையில் காட்டச் சொல்லலாம். கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இலும் இதே வசதி டெலிமெட்ரி என்ற பெயரில் இருக்கிறது. ஆட்டம் திணறும் அந்த நொடியில் எந்த எண் அசைகிறது என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த ஆள் பின்னால் இழுக்கப்படுகிறார், எதிரி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவுகிறார், ஆனால் மவுஸைத் திருப்பினால் காட்சி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது என்றால் அது நெட். காட்சியே உறைந்து, மவுஸும் சேர்ந்து நின்றால் அது கம்ப்யூட்டர். அதற்கு நெட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

எவ்வளவு பிங் நியாயம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். போய்வர 10 மில்லிசெகண்ட் ஒளிக்கே செலவாகிவிடுகிறது. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரவுட்டர்களும் உண்டு. எனவே தமிழ்நாட்டிலிருந்து மும்பை சர்வருக்கு 25 முதல் 40 வரை பிங் வந்தால் நல்ல லைன்தான். சிங்கப்பூர் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர். அங்கே 30-க்குக் கீழே இறங்குவதை இயற்பியலே விடாது. பிங் எப்போதும் ஒரே சீராக 150, 200 என்று நின்றால் வேறெதையும் தொடுவதற்கு முன் எந்த ஊர் சர்வரில் ஆடுகிறீர்கள் என்று பாருங்கள். கவுன்டர் ஸ்ட்ரைக்குக்குச் சென்னையிலேயே சர்வர் உண்டு. மேட்ச்மேக்கிங் பிங் வரம்பை 80-க்குக் குறைத்துவைத்தால் தூரத்து சர்வரில் போய் மாட்ட மாட்டீர்கள். ராத்திரி நேரத்தில் மேட்ச் கிடைக்கக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சீரான 60-இல் நிம்மதியாக ஆடலாம். 30-க்கும் 150-க்கும் நடுவே தள்ளாடும் பிங்கில் முடியாது. ஜிட்டர் என்பது இந்தத் தள்ளாட்டம்தான்.

மூன்று விண்டோ சோதனை

விண்டோஸில் சிஎம்டியை, அதாவது கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பது உங்கள் ரவுட்டர், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அடுத்து 'ட்ரேஸர்ட்' (tracert) கட்டளையை 8.8.8.8 என்ற கூகுள் சர்வர் முகவரியோடு கொடுங்கள். வரும் பட்டியலில் முதல் வரி ரவுட்டர். இரண்டாவது வரி பொதுவாக நெட் கம்பெனியின் முதல் பெட்டி. இரண்டாவது வரியும் 192.168 என்று தொடங்கினால் வீட்டில் ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இப்போது மூன்று சிஎம்டி விண்டோ திறந்து, ஒன்றில் ரவுட்டரை, ஒன்றில் கம்பெனியின் முதல் பெட்டியை, ஒன்றில் 8.8.8.8-ஐ பிங் செய்யுங்கள். முகவரிக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு, சிறு கோடும் டி எழுத்தும் (-t) சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். முதல் பெட்டி பதில் தராவிட்டால் ட்ரேஸர்ட்டின் அடுத்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஒரு மேட்ச் ஆடிவிட்டு, கன்ட்ரோலும் சியும் அழுத்தி நிறுத்தினால் குறைந்தபட்சம், அதிகபட்சம், தொலைந்த பாக்கெட் சதவீதம் எல்லாம் அடியில் வரும்.

ரவுட்டர் பிங்கே எகிறினால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். லேன் கேபிளில் அது ஒரு மில்லிசெகண்டுக்குள் நிற்க வேண்டும்; வைஃபையில் 2 முதல் 5. ரவுட்டர் சீராக இருந்து இரண்டாவது விண்டோ எகிறினால் லைன் பழுது, அல்லது வீட்டில் யாரோ அப்லோட் செய்கிறார்கள். இரண்டும் சீராக இருந்து மூன்றாவது மட்டும் எகிறினால் கம்பெனியின் உள் வழியில் நெரிசல். மூன்றுமே சீராக இருந்தும் கேமில் மட்டும் பிங் ஏறுகிறதென்றால் கேம் சர்வரில் சிக்கல், அல்லது அங்கே போகும் பாதை சுற்றிப் போகிறது.

ட்ரேஸர்ட்டில் நடு வரி ஒன்றில் 180 என்றோ நட்சத்திரம் என்றோ வந்தால் பதற வேண்டாம். அந்தப் பெட்டி பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கும், அவ்வளவே. அந்த வரியில் ஏறிய எண் கடைசி வரிவரை இறங்காமல் இருந்தால் மட்டுமே அது கோளாறு.

வீட்டுக்குள்: வைஃபையும் கேபிளும்

வைஃபையில் ஒரே சேனலில் இருக்கும் எல்லாரும் முறை வைத்துத்தான் பேச முடியும். அபார்ட்மென்டில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பக்கத்து வீடு, மேல்வீடு எல்லாரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான்; பால் சூடாகும்போது மட்டும் லேக் ஆனால் சந்தேகமே வேண்டாம். லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப் தானாகப் பழையதில் போய் ஒட்டிக்கொள்ளும், பெயரைப் பிரித்துவிடுங்கள். 5-இல் சேனல் 36 முதல் 48-க்குள் ஒன்றைக் கையால் தேர்ந்தெடுங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ராடார் சைகை தென்பட்டால் ரவுட்டர் சொல்லாமல் சேனல் மாறும். ஆட்டத்தின் நடுவே சில நொடி நெட் போய்வரும். 2.4-ஐ விட்டால் வழியில்லை என்றால் 1, 6, 11 மூன்றில் கூட்டம் குறைவானது, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ்.

ஆனால் கேமுக்கு லேன் கேபிளுக்கு ஈடு கிடையாது. கேட் 5இ போதும். 100 மீட்டர்வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். வாங்கும்போது சுத்தச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சிசிஏ கேபிள் பாதி விலைக்குக் கிடைக்கும். நாலு தடவை வளைத்தால் உள்ளே முறியும். எத்தர்நெட் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீடு 1000 என்று வர வேண்டிய இடத்தில் 100 என்று நின்றால் நாலு ஜோடிக் கம்பியில் ஏதோ ஒன்று தொடவில்லை. அந்த 100 கேமுக்குத் தாராளம்தான். ஆனால் ஒரு ஜோடி விட்ட கேபிளில் மற்றவையும் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம், பாக்கெட் லாஸ் அங்கிருந்து வரும். முனையை வெட்டி, ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்ற வரிசையில் புது ஆர்ஜே45 முனையை (லேன் கேபிளின் பிளாஸ்டிக் பிளக்) கிரிம்ப் செய்யுங்கள். இரு முனையிலும் அதே வரிசை.

கேபிள் இழுக்கவே முடியாத வீட்டில், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த அடாப்டரை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

அப்லோட்: பலர் பார்க்காத இடம்

மூன்று விண்டோ சோதனையை ஓடவிட்டு, இன்னொரு பக்கம் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். டெஸ்ட் அப்லோட் கட்டத்துக்கு வந்ததும் இரண்டாவது விண்டோ 8-இலிருந்து 300, 400 என்று ஏறுகிறதா? பஃபர்ப்ளோட் என்பது இதுதான். ரவுட்டர் அனுப்ப முடியாத பாக்கெட்டுகளைத் தூக்கி எறியாமல் வரிசையில் சேர்த்துக்கொண்டே போகிறது. அப்லோட் 10 எம்பிபிஎஸ் உள்ள லைனில் 500 கிலோபைட் வரிசை சேர்ந்தால், அது காலியாக 400 மில்லிசெகண்ட் ஆகும். உங்கள் துப்பாக்கிச் சூடு அந்த வரிசையின் வாலில் நிற்கிறது. அம்மாவின் போன் கல்யாண வீடியோவை கூகுள் போட்டோஸில் ஏற்றிக்கொண்டிருக்கும். சிசிடிவி கேமரா கிளவுடுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். யாரும் எதையும் 'டவுன்லோட்' செய்யவில்லை என்று வீட்டில் சொல்வது உண்மைதான்.

முதலில் உங்கள் கம்ப்யூட்டரையே பாருங்கள். ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் டேபில் எந்த புரோகிராம் எவ்வளவு அனுப்புகிறது என்று தெரியும். ஒன்டிரைவை ஆடும்போது பாஸ் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட்டின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் டெலிவரி ஆப்டிமைசேஷனை அணையுங்கள். இல்லாவிட்டால் அப்டேட் ஃபைல்களை உங்கள் கம்ப்யூட்டர் வெளியாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஸ்டீமில் ஆடும்போது டவுன்லோட் வேண்டாம் என்று வையுங்கள்.

மற்றவர் போனையெல்லாம் பிடுங்க முடியாது. நிரந்தரத் தீர்வு ரவுட்டரில் எஸ்க்யூஎம் போடுவது, அதாவது இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஓடும் ரவுட்டரில் அந்தப் பேக்கேஜை நிறுவி, கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, டவுன்லோட், அப்லோட் இரண்டையும் நீங்கள் அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் என்று கொடுங்கள். பிளானில் அச்சடித்த வேகத்தைக் கொடுத்தால் வேலை செய்யாது. சாயங்காலம் அளந்த வேகம்தான் கணக்கு. வரிசை கம்பெனிப் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டருக்குள்ளேயே நிற்கும், ரவுட்டர் சின்னப் பாக்கெட்டுகளை முன்னே விடும். பத்து சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து 400-ஐ 20-க்கு இறக்குவது லாபமான பேரம். சாதா ரவுட்டரில் க்யூஓஎஸ் (எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்று வைக்கும் வசதி) இருந்தால் அதிலும் அப்லோட் உச்சவரம்பை இப்படியே குறைத்துப் பார்க்கலாம்.

ஃபைபர் பெட்டியும் கம்பெனியும்

வீட்டில் எதுவும் ஓடாதபோதும் இரண்டாவது விண்டோவில் பாக்கெட் தொலைந்தால் ஃபைபரைப் பாருங்கள். ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் அட்மின் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும், வந்து சேரும் ஒளியின் பலம் அது. மைனஸ் 15-க்கும் மைனஸ் 25-க்கும் நடுவே இருந்தால் நலம். மைனஸ் 27-ஐத் தொட்டால் லைன் தள்ளாட ஆரம்பிக்கும். ஜன்னல் இடுக்கில் நசுங்கிய கேபிள், பெட்டிக்குப் பின்னால் இறுக்கமாகச் சுருட்டிய மஞ்சள் பேட்ச் கார்டு இரண்டும் வழக்கமான குற்றவாளிகள். சுருளின் விட்டம் ஆறு சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். பச்சை முனையும் நீல முனையும் வேறு வேறு ரகம்; ஒன்றில் ஒன்றைச் செருகினால் வெளிச்சம் கசியும். கழற்றிய முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், உள்ளே வருவது லேசர். மற்றதை லைன்மேன் பார்த்துக்கொள்வார்.

கம்பெனி கொடுத்த பெட்டிக்குப் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரையும் மாட்டியிருந்தால் இரட்டை நாட் ஆகும், அதாவது இரண்டு பெட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக முகவரியை மாற்றும். பிங் இதனால் பெரிதாக ஏறாது, ஆனால் நண்பர்களோடு லாபி சேராது, வாய்ஸ் சாட் அறுந்துபோகும். கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் மோடில் போடச் சொல்லுங்கள், அப்போது அது ரவுட்டர் வேலை செய்யாமல் டேட்டாவை அப்படியே கடத்தும். ட்ரேஸர்ட்டில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி தெரிந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள், அதாவது ஒரே வெளி முகவரியைக் கம்பெனி பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. வெளியிலிருந்து உங்கள் கம்ப்யூட்டருக்கு வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் பலிக்காது, நிலையான ஐபி கேட்டு வாங்க வேண்டும்.

கம்ப்யூட்டர்தான் என்றால்

144 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 6.9 மில்லிசெகண்ட், ஒரே ஒரு ஃபிரேம் 60 எடுத்தாலும் கண்ணில் உறுத்தும். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா, கிராஃபிக்ஸ் கார்டிலா என்று முதலில் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை விண்டோஸ் 60-இல் ஓட்டிக்கொண்டிருப்பதும் சகஜம். பத்து நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு திணறினால் சூடு: பிராசசர் 95 டிகிரியைத் தாண்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசி தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள். லேப்டாப்பை பேட்டரியில் ஆடாதீர்கள். ஒற்றை 8 ஜிபி ராம் உள்ளவர்கள் அதே ரகத்தில் இன்னொன்று போட்டால் டூயல் சேனல் ஆகும். திணறல் குறைய செலவுக்கேற்ற பலன் இதில்தான்.

கடைசியாக, நெட்டில் சுற்றும் சில வைத்தியங்கள். டிஎன்எஸ் மாற்றினால் பிங் குறையாது. பெயரை முகவரியாக மாற்றியதோடு அதன் வேலை முடிந்தது. சின்னப் பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்பும் நேகிள் அல்காரிதத்தை அணைக்கும் ரெஜிஸ்ட்ரி வித்தை டிசிபி என்ற டேட்டா அனுப்பும் முறைக்கு மட்டும். சுடும் கேம்கள் ஏறக்குறைய எல்லாம் யுடிபி என்ற வேறு முறையில் ஓடுகின்றன. பிங் குறைக்கும் ஆப்கள், கம்பெனியின் பாதை சுற்றிப் போகும்போது மட்டும் உதவும். ட்ரேஸர்ட்டில் மும்பைக்குப் போக வேண்டியது சிங்கப்பூர் போய்த் திரும்பினால் இலவச சோதனைக் காலத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கம்பெனிக்குப் புகார் சொல்லும்போது "நெட் ஸ்லோ" என்று சொன்னால் ஸ்பீடு டெஸ்ட் போடச் சொல்லி, 100 வருகிறதே என்று முடித்துவிடுவார்கள். லேன் கேபிளில் எடுத்த மூன்று விண்டோ ஸ்கிரீன்ஷாட்டை, காலை ஏழு மணிக்கு ஒன்றும் இரவு ஒன்பது மணிக்கு ஒன்றுமாக அனுப்புங்கள். டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அந்த எண் வேண்டும்.