மூடுலில் முதல் கோர்ஸ்: குவிஸில் சறுக்கி எழுந்தபின் எழுதியது

எங்கள் துறையில் யாருக்கு மூடுலில் (பாடம், தேர்வு எல்லாவற்றையும் ஆன்லைனில் நடத்த உதவும் மென்பொருள்) சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அல்ல, எல்லாருக்கும் முன்னால் சொதப்பியது நான் என்பதால். நான் வைத்த முதல் ஆன்லைன் தேர்வில், முதலில் முடித்த மாணவனுக்கு எல்லா விடைகளும் திரையில் வந்துவிட்டன. மற்றவர்கள் பாதிக் கேள்வியைத் தாண்டுவதற்குள் அந்தத் திரை வகுப்பு வாட்ஸாப் குழுவுக்குப் போய்விட்டது. அந்தக் கதையைக் குவிஸ் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

லாகின், பாஸ்வேர்டு பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அட்மின் உங்களுக்கு ஒரு காலி கோர்ஸ் திறந்து, ஆசிரியராகச் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். 2022இல் வந்த 4.0 பதிப்பில் மெனுக்கள் நிறைய இடம் மாறின. உங்கள் கல்லூரியில் அதற்கும் பழையது ஓடினால் பெயர்கள் பெரும்பாலும் அதேதான், இடம் மட்டும் தேட வேண்டியிருக்கும்.

படி 1: மறைத்து வையுங்கள்

கோர்ஸின் செட்டிங்ஸில் 'கோர்ஸ் விசிபிலிட்டி' என்பதை 'ஹைட்' ஆக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தொடக்கத் தேதியை அடுத்த வாரத்துக்கு வைத்துவிட்டால் அதுவரை கதவு பூட்டியிருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வழக்கமான அமைப்பில் அந்தத் தேதி யாரையும் தடுக்காது. நீங்கள் பாதி தட்டிக்கொண்டிருப்பதை மாணவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படி 2: வாரமா, தலைப்பா?

கோர்ஸ் ஃபார்மட்டில் வாரவாரியாகவும் பிரிக்கலாம், தலைப்புவாரியாகவும் பிரிக்கலாம். என் ஓட்டு தலைப்புக்கு. ஒரு வாரம் வகுப்பு நடக்காமல் போனால், வாரவாரிப் பிரிவில் அதன்பிறகு வரும் எல்லாப் பாடமும் தேதி தப்பி நிற்கும்.

படி 3: பாடத்தை ஏற்றுவது

மேலே வலது மூலையில் இருக்கும் 'எடிட் மோட்' பொத்தானைத் தட்டினால் பாடங்களைச் சேர்க்கும் வழிகள் எட்டிப் பார்க்கும். பட்டியல் நீளமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். பேஜ், ஃபைல், அசைன்மென்ட், குவிஸ், இந்த நான்கை வைத்தே ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம். சிறு குறிப்புகளுக்கு நான் பிடிஎஃப் போடுவதில்லை, 'பேஜ்' தான். ஃபோனில் விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்துப் படிக்கும் அவஸ்தை அதில் இல்லை.

கோப்பு பெரிதாக இருக்கிறது என்று மூடுல் வாங்க மறுத்தால் உங்கள் மீது தவறில்லை. மூடுல் ஓடுவது பிஎச்பி என்ற நிரல்மொழியில். பிஎச்பியின் இயல்பான வரம்பு ஒரு கோப்புக்கு 2 எம்பிதான். அட்மின் அங்கே உயர்த்தாதவரை நீங்கள் கோர்ஸில் எதை மாற்றினாலும் பயன் இல்லை. வீடியோவை மட்டும் எப்போதும் வேறெங்காவது ஏற்றிவிட்டு இங்கே இணைப்பைக் கொடுங்கள்.

படி 4: அசைன்மென்ட்

இங்கே இரண்டு தேதிகள் உண்டு. 'டியூ டேட்' தாண்டினாலும் மாணவர் சமர்ப்பிக்கலாம், தாமதம் என்று குறிப்பு விழும், அவ்வளவுதான். கதவை உண்மையில் சாத்துவது 'கட் ஆஃப் டேட்'. இன்னொன்று, நேரத்தைத் தொடாமல் விட்டால் 00:00 என்று இருக்கும். 15ஆம் தேதி 00:00 என்றால் 14ஆம் தேதி இரவோடு முடிந்தது என்று பொருள். 15ஆம் தேதி முழுக்க நேரம் இருக்கிறது என்று நினைத்த மாணவர்கள் காலையில் வந்து நிற்பார்கள். நான் எப்போதும் 23:55 என்றே போடுகிறேன்.

படி 5: குவிஸ் (இங்கேதான் நான் விழுந்தேன்)

குவிஸ் செட்டிங்ஸில் கொஞ்சம் கீழே போனால் 'ரிவ்யூ ஆப்ஷன்ஸ்' இருக்கும். மடித்து வைத்த பகுதி, அதனால் கண்ணில் படாது. திறந்தால் நான்கு கட்டங்கள்: எழுதிக்கொண்டிருக்கும்போது, முடித்தவுடன், குவிஸ் இன்னும் திறந்திருக்கும்போது, குவிஸ் மூடிய பிறகு. ஒவ்வொன்றிலும் மாணவருக்கு என்னவெல்லாம் தெரியலாம் என்று டிக் பெட்டிகள். பெரும்பாலும் எல்லா டிக்கும் ஏற்கெனவே போடப்பட்டே வரும். 'முடித்தவுடன்' என்பதில் 'ரைட் ஆன்சர்' டிக் இருந்ததுதான் என் கதை.

அடுத்த தேர்வில் அந்த ஒரு டிக்கை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். மறுபடியும் கசிந்தது! 'வெதர் கரெக்ட்' என்ற டிக்கை விட்டுவைத்திருந்தேன். சரியான விடை எது என்று மூடுல் சொல்லவில்லைதான். ஆனால் அந்த மாணவன் எழுதிய விடைக்குப் பக்கத்தில் பச்சைக் குறி போட்டுக் காட்டியது. எல்லாவற்றையும் சரியாக எழுதிய ஒருவன் போதாதா?

இப்போது நான் செய்வது: நடு இரண்டு கட்டங்களிலும், அதாவது 'முடித்தவுடன்', 'இன்னும் திறந்திருக்கும்போது' இரண்டிலும், முதல் பெட்டியான 'தி அட்டெம்ப்ட்' டிக்கை எடுத்துவிடுவேன். அதை எடுத்தால் விடை சார்ந்த மற்றப் பெட்டிகள் தாமாகவே மங்கிவிடும். 'மார்க்ஸ்' மட்டும் இருக்கட்டும், மொத்த மதிப்பெண் தெரிந்தால் மாணவர்களுக்குப் பதற்றம் குறையும். கடைசிக் கட்டத்தில் எல்லா டிக்கும் இருக்கலாம்.

அப்புறம், விடைகளை மாற்றி அடுக்கும் 'ஷஃபிள்'. நல்ல வசதிதான். ஆனால் உங்கள் பழைய வினாத்தாளில் 'மேற்கண்ட அனைத்தும்' என்று ஒரு விடை இருந்தால், அது முதல் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். மேலே என்ன இருக்கிறது? கேள்விதான் இருக்கிறது. அப்படிப்பட்ட கேள்விகளில் மட்டும், கேள்வியின் செட்டிங்ஸிலேயே ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

படி 6: கேள்விகளை மொத்தமாக ஏற்ற

ஐம்பது கேள்விகளை ஒவ்வொன்றாகத் தட்டாதீர்கள். 'ஏய்கென்' என்ற வடிவத்தில் ஒரு டெக்ஸ்ட் கோப்பாக எழுதி, கேள்வி வங்கியில் இம்போர்ட் செய்யலாம். கேள்வி ஒரே வரியில் இருக்க வேண்டும். அடுத்த வரிகளில் விடைகள், ஒவ்வொன்றின் முன்னும் ஆங்கிலப் பெரிய எழுத்து, ஒரு புள்ளி, ஓர் இடைவெளி. கடைசி வரியில் 'ஆன்சர்' என்ற சொல் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், ஒரு முக்காற்புள்ளி, சரியான விடையின் எழுத்து. கேள்வியும் விடையும் தமிழில் இருக்கலாம். ஆனால் விடைகளுக்கு அ, ஆ, இ என்று எண்ணிட்டால் மூடுலுக்குப் புரியாது.

வேர்டில் எழுத வேண்டாம். நான் பயன்படுத்துவது நோட்பேட்++ என்ற எளிய எழுத்துச் செயலி, இலவசம். கோப்பை யுடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியாக்கம்) ஆகச் சேமிக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் வந்து நிற்கும்.

படி 7: மாணவராக நுழைந்து பாருங்கள்

உங்கள் பெயரைத் தட்டினால் வரும் 'ஸ்விட்ச் ரோல்' மூலம் மாணவர் பார்வைக்குப் போகலாம். முதல் பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அது போதும். குவிஸை முழுசாகச் சோதிக்க, அட்மினிடம் ஒரு போலி மாணவர் கணக்கு கேட்டு வாங்கி, அதைக் கோர்ஸில் சேர்த்து, விசிபிலிட்டியை 'ஷோ' ஆக்கிவிட்டு (மறைத்த கோர்ஸுக்குள் மாணவர் கணக்கு நுழைய முடியாது), ஃபோனில் அதில் நுழைந்து எழுதிப் பாருங்கள். முடித்ததும் என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், மாணவர்கள் தாங்களே சேரும் வசதியான செல்ஃப் என்ரோல்மென்ட்டில் ஒரு கீ (சேர்வதற்கான கடவுச்சொல்) வைத்து வகுப்பில் சொல்லிவிடுங்கள். கீ வைக்காமல் திறந்தால் வேறு வகுப்புக்காரர்களும் வந்து சேர்வார்கள்.

பின்சேர்க்கை: படி 5ஐ அப்படியே பின்பற்றிய ஒரு ஆசிரியை, தேர்வு முடிந்து ஒரு வாரமாகியும் மாணவர்களுக்கு விடைகள் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அவர் குவிஸுக்கு முடியும் தேதியே கொடுக்கவில்லை. தேதி இல்லாத குவிஸ் மூடாது, மூடாத குவிஸுக்கு 'மூடிய பிறகு' என்ற கட்டம் வரவே வராது. நான் எழுதாமல் விட்டது என் தவறு. 'க்ளோஸ் த குவிஸ்' என்பதற்குப் பக்கத்தில் உள்ள 'எனேபிள்' பெட்டியில் டிக் போட்டு, தேதி கொடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: எதையும் சமர்ப்பிக்காத மாணவருக்கு எப்படி 90 சதவீதம் காட்டுகிறது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். மதிப்பெண் பதிவேடான கிரேடுபுக்கின் செட்டப்பில் 'எக்ஸ்க்ளூட் எம்ப்டி கிரேட்ஸ்' டிக் போட்டிருக்கும். காலியாக இருப்பதை அது கணக்கிலேயே எடுக்காது. எழுதிய ஒரே தேர்வில் 90 வாங்கியிருந்தால் மொத்தமும் 90தான். பருவ நடுவில் அந்த டிக் இருக்கட்டும், இல்லையென்றால் இன்னும் நடக்காத தேர்வுக்கும் பூஜ்யம் விழும். பருவம் முடியும்போது, வராதவர்களுக்கு நீங்களே பூஜ்யம் போட்டுவிடுங்கள்.