தசமபாகம் கொடுத்தாயிற்று, மீதி யாருடையது?

சம்பளம் கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனிக் கவரில் போட்டு வைக்கிற குடும்பங்கள் நம் சபைகளில் நிறைய உண்டு. நல்ல பழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கவரை ஒட்டியதோடு உக்கிராணத்துவம், அதாவது தேவன் நம்மிடம் ஒப்படைத்ததைப் பொறுப்பாக நிர்வகிக்கிற வேலை, முடிந்தது என்று நினைக்கும்போதுதான் பல தவறுகள் ஆரம்பிக்கின்றன. லூக்கா 16-ம் அதிகாரத்தில் எஜமான் தன் உக்கிராணக்காரனைக் கூப்பிட்டுக் கேட்பது பங்கை அல்ல, கணக்கை. பத்து ரூபாய் கையில் இருந்தால் பத்துக்கும் கணக்கு. "எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" என்ற பொருளில் தாவீது ஜெபித்ததை (1 நாளாகமம் 29) காணிக்கை நேரத்தில் எத்தனையோ முறை கேட்டிருப்போம். அந்த ஜெபத்தை ஒன்பது ரூபாய்க்கும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தால் நிறைய விஷயம் இடிக்கும்.

முதலில் இடிப்பது கூலி. தசமபாகத்தை ஒரு மாதம்கூடத் தவறவிடாதவர், வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவின் சம்பளத்தைப் பத்தாம் தேதிவரை இழுத்தடிப்பார். கொத்தனாருக்கும் பெயின்டருக்கும் "கடைசி பில்லை அப்புறம் பார்க்கலாம்" என்பார். லேவியராகமம் 19 கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்கிறது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். சீரகத்துக்குக்கூடத் தசமபாகம் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்களிடம் இயேசு கேட்டதும் இதுதான்: நீதியும் இரக்கமும் எங்கே? தசமபாகத்தை விடச் சொல்லவில்லை அவர், இதையும் செய்ய வேண்டும், அதையும் விடக்கூடாது என்றார்.

அடுத்து, இல்லாததைக் கொடுப்பது. அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருட்களைச் சபையில் ஏலம் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு தேங்காய், ஒரு சேவல், ஒரு வாழைத்தார். மைக்கில் பெயர் சொல்லச் சொல்ல விலை ஏறும். ஊர் முன்னால் விட்டுக்கொடுக்க மனசில்லாமல் இரண்டு பேர் ஏற்றிக்கொண்டே போவார்கள். கைதட்டல் அடங்கிய பிறகு அந்தத் தொகை பாக்கிப் பட்டியலில் ஏறி, அடுத்த அறுப்பின் பண்டிகை வரை அப்படியே கிடக்கும். ஏலம் தவறென்று சொல்லவில்லை. மகிழ்ச்சியாகக் கொடுக்கிற ஒரு நாள் அது, ஊரே கூடுகிற நாள். ஆனால் கையில் இல்லாத பணத்தை ஏலம் கேட்பதும், வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுவதும் விசுவாசத்தின் அடையாளம் ஆகாது. ஒருவனுக்கு உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும், இல்லாததின்படி அல்ல என்று 2 கொரிந்தியர் 8-ல் பவுல் தெளிவாகவே எழுதிவிட்டார். "விதை போடுங்கள், நூறு மடங்கு வரும்" என்று கடனில் இருக்கிறவர்களிடம் கேட்கிற பிரசங்கியார்கள் இந்த வசனத்தை வாசிப்பதில்லை. ஏழை விதவையின் இரண்டு காசுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட, மாற்கு 12-ல் அதற்குச் சற்று முன்னால் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டித்ததைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சிறியதைக் கொடுத்தே பெரியதைச் செய்த சரித்திரம் நம்மிடமே இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் அரிசியைக் களைந்து உலையில் போடும் முன், பெண்கள் ஒரு கைப்பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். அது சேர்ந்து சபைக்கு வரும். யாருக்கும் தெரியாது, கைதட்டலும் கிடையாது. வெள்ளாளன்விளையில் பிறந்து பிற்காலத்தில் பேராயரான அசரியா முன்னின்று 1903-ல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்ற முடிவோடு தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பக்கம் ஊழியத்துக்குப் போனது. வெளிநாட்டு உதவிக்குக் காத்திருக்காத அந்தத் துணிச்சலுக்குப் பின்னால் இருந்தது, சிறிய வருமானக்காரர்கள் தங்களுக்கு உள்ளதிலிருந்து கொடுத்த பணம்.

"ஊழியத்தில் கணக்குக் கேட்கலாமா?"

எனக்கு மிகவும் வருத்தம் தருகிற தவறு இது. கணக்குக் கேட்கிறவனை அவிசுவாசி மாதிரிப் பார்ப்பது. "கர்த்தருக்குக் கொடுத்தோம், அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டால் பக்தியாகத் தெரிகிறது. வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை.

யாத்திராகமம் 38-ஐ நம்மில் பலர் வேகமாகப் புரட்டிவிடுவோம், எண்ணாக இருக்கிறதே என்று. அது ஆசரிப்புக் கூடாரத்தின், அதாவது வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆராதனைக்கு அமைத்த கூடாரத்தின், தணிக்கை அறிக்கை. மோசேயின் கட்டளைப்படி, ஆரோனின் மகன் இத்தாமாரின் பொறுப்பில் எண்ணப்பட்டது. பொன் 29 தாலந்து 730 சேக்கல் (இரண்டும் அந்தக் கால எடை அளவுகள்). வெள்ளி 100 தாலந்து 1,775 சேக்கல். அந்த வெள்ளி எப்படி வந்தது என்றும் எழுதியிருக்கிறது: எண்ணப்பட்ட 6,03,550 ஆண்கள் தலைக்கு அரைச் சேக்கல். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,01,775 சேக்கல் வரும். ஒரு தாலந்துக்கு 3,000 சேக்கல் என்றால் 100 தாலந்தும் மீதி 1,775 சேக்கலும். ஒரு சேக்கல்கூட இடிக்காது. செலவும் அப்படியே இருக்கிறது. 100 தாலந்து கூடாரத்தை அடியில் தாங்கிய 100 பாதங்களுக்கு, பாதத்துக்கு ஒரு தாலந்து. மீதி 1,775 சேக்கலும் தூண்களின் கொக்கிகளுக்கும் பூண்களுக்கும். வனாந்தரத்தில், மேகஸ்தம்பம் முன்னால் போய்க்கொண்டிருந்த காலத்தில், கொக்கிக்கு எவ்வளவு வெள்ளி போயிற்று என்று எழுதி வைத்தார்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று மோசே அதை விட்டுவிடவில்லை.

அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால் இன்னொன்று நடக்கிறது. வேலைக்கு வேண்டியதைவிட அதிகமாக ஜனங்கள் கொண்டுவந்து குவித்தபோது, இனி கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் மோசே அறிவிக்கச் சொன்னார். கட்டட நிதி நிறைந்த பிறகும் அதே நிதிக்காகத் தொடர்ந்து கவர் கொடுக்கிற சபைகள் இந்த வசனத்தைப் போர்டில் எழுதி வைக்கலாம்.

2 இராஜாக்கள் 12 இன்னும் கிட்டத்தில் வருகிறது. ஆலயத்தைப் பழுதுபார்க்கும் பணத்தை ஆசாரியர்களே அவரவர் அறிமுகமானவர்களிடம் வாங்கிச் செய்யட்டும் என்று யோவாஸ் ராஜா விட்டிருந்தார். அவருடைய 23-ம் வருஷம் வரை வேலை நடக்கவில்லை. யாரும் திருடினார்கள் என்று அங்கே எழுதியிருக்கவில்லை, முறை சரியில்லை, அவ்வளவுதான். யோய்தா ஆசாரியன் ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தார். பணம் சேர்ந்தபோது ராஜாவின் எழுத்தரும் பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். இரண்டு வேறு பொறுப்பில் இருந்த இரண்டு பேர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒழுங்கான சபைகளில் இன்றும் ஆராதனை முடிந்ததும் இதுதான் நடக்கிறது. காணிக்கைப் பைகளை மேசையில் கொட்டி, மூன்று பேர் உட்கார்ந்து, ஐந்நூறு தனி, இருநூறு தனி, நூறு தனி என்று அடுக்கி, சில்லறையை எண்ணி, எத்தனை தாள் என்று சீட்டில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுவார்கள். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் ஒரே ஆள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் எண்ணுகிற சபையில், அந்த ஆள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவருக்கே நாம் தீங்கு செய்கிறோம். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் தன் நேர்மையைக் காட்ட அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

அதே 2 இராஜாக்கள் 12-ன் 15-ம் வசனத்தைக் காட்டி, "உண்மையாய் நடந்தவர்களிடம் கணக்குக் கேட்கவில்லையே" என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அது எண்ணி முடித்த பணத்தை வேலையாட்களுக்குப் பட்டுவாடா செய்த மேற்பார்வையாளர்களைப் பற்றியது. பெட்டியைத் தனி ஆள் திறந்ததாக அங்கே இல்லை. எஸ்றாவும் எருசலேமுக்குப் புறப்படும்போது வெள்ளியையும் பொன்னையும் நிறுத்துக் கொடுத்தார், போய்ச் சேர்ந்ததும் மறுபடி நிறுத்து எழுதினார்கள். எருசலேம் பரிசுத்தவான்களுக்காகப் பணம் சேகரித்த பவுல், அதைத் தான் மட்டும் சுமந்து போகாமல் சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் கூட்டிக்கொண்டார். "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்றார். ஒரு அப்போஸ்தலனுக்குத் தேவைப்பட்ட பாதுகாப்பு நம் பொருளாளருக்கும் கமிட்டிக்கும் தேவைப்படாதா?

ஒழுங்கு என்றால் வாயை மூடுவது என்று நினைப்பது

கணக்குக் கேட்டவுடன் அடுத்து வருகிற வசனம் எதுவென்று சபை அரசியல் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: சகலமும் நல்லொழுக்கமாயும் கிரமமாயும் செய்யப்படக்கடவது. மேலே இருப்பவரை எதிர்த்துப் பேசுவது தேவ ஒழுங்கை மீறுவது என்று அதற்கு அர்த்தம் சொல்லப்படும். 1 கொரிந்தியர் 14-ஐ முழுவதும் வாசித்தால் வேறு படம் தெரிகிறது. தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறார் பவுல். உட்கார்ந்திருக்கிற இன்னொருவருக்கு ஏதாவது வெளிப்பட்டால் முன்னே பேசினவர் அமர்ந்திருக்க வேண்டும். மைக்கைக் கையில் வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்துகிற ஒழுங்கு அது.

வேதாகமம் முழுக்க இப்படித்தான். காலை முதல் மாலை வரை தனியாக நியாயம் விசாரித்த மோசேயிடம், நீர் செய்கிற காரியம் நல்லதல்ல என்று சொன்னவர் அவருடைய மாமனார் எத்திரோ, ஒரு மீதியானியர். மோசே கேட்டார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்கள் வந்தார்கள். அப்போஸ்தலர் 6-ல் கிரேக்கு பேசுகிற விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனதாக முறுமுறுப்பு எழுந்தபோது, பன்னிருவர் முறுமுறுத்தவர்களைக் கண்டிக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பந்தி விசாரணை போயிற்று என்று நான் புரிந்துகொள்கிறேன்.

எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் கூடார வாசலில், மோசேக்கும் பிரபுக்களுக்கும் முன்னால் வந்து நின்று, மகன் இல்லாததால் எங்கள் தகப்பன் பேர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்குக் காணி கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் பேசுவது சரி என்று கர்த்தரே சொல்ல, அது இஸ்ரவேலுக்குச் சட்டமாயிற்று.

வீட்டுக்குள்

ஊழியம், கூட்டம், உபவாச ஜெபம் என்று ஓடுகிறவர்கள் வீட்டைக் கோட்டைவிடுவது பழைய தவறு. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்கு நேர்ந்த காணிக்கை என்று சொல்லித் தப்பித்தவர்களை மாற்கு 7-ல் இயேசு விடவில்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதினார் பவுல். இதில் விளக்க ஒன்றுமில்லை, அம்மாவின் மாத்திரைச் செலவைத் தம்பி தலையில் கட்டிவிட்டு மிஷனரியைத் தாங்குவது உக்கிராணத்துவம் ஆகாது. எஜமான் நம்பிக் கொடுத்த தாலந்தை மண்ணில் புதைத்து வைத்தவன் பற்றி இயேசு சொன்ன கதையும் அப்படியே சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: அவன் எதையும் திருடவில்லை, பயத்தில் சும்மா இருந்தான். ஒரு தாலந்து என்பது ஒரு கூலியாளின் ஏறக்குறைய இருபது வருஷச் சம்பளம். "எனக்கு என்ன தெரியும்" என்று தாழ்மையாகப் பின்வாங்குகிற ஓய்வுபெற்ற கணக்காளர்களும் ஆசிரியர்களும் அதை நினைத்துப் பார்க்கலாம். சபைக் கணக்கைச் சரிபார்க்க ஆள் இல்லை என்று எத்தனை சபைகள் சொல்கின்றன!

கடைசியாக, பேசவே கூச்சப்படுகிற ஒன்று. உயில். எழுதினால் ஆயுசு குறையும் என்கிற பயம் ஜெபிக்கிற வீடுகளிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 தான் பங்கு பிரிக்கும். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்று சொல்லி மகளிடம், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நம் வழக்கம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அதைவிடப் பலருக்குத் தெரியாதது, மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் இறந்தவருடைய தாய்தகப்பனுக்கு இந்தச் சட்டத்தில் பங்கே கிடையாது. மகன் சம்பாத்தியத்தில் வாழ்கிற ஒரு அம்மாவுக்கு ஏதாவது விட்டுச்செல்ல வேண்டுமென்றால் எழுதித்தான் வைக்க வேண்டும்.

எழுதுவது கஷ்டமும் இல்லை. வெள்ளைத்தாள் போதும், பதிவு செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவரையோ, அவருடைய மனைவியையோ கணவரையோ சாட்சியாக வைக்காதீர்கள், வைத்தால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாமல் போகும். எழுதிய பிறகு அது எந்தப் பீரோவில், எந்தக் கவரில் இருக்கிறதென்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லுங்கள். கூடவே ஒரு தாளில் வங்கிக் கணக்குகள், எல்ஐசி பாலிசி, யாரிடம் வாங்கிய கடன், யார் தர வேண்டிய பாக்கி, சபைக்குத் தருவதாகப் பொருத்தனை (நேர்ச்சை) பண்ணி இன்னும் செலுத்தாத தொகை, எல்லாவற்றையும் எழுதித் தேதி போட்டு வையுங்கள். மனைவியோடு உட்கார்ந்து எழுதினால் இன்னும் நல்லது, பாதி விவரம் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.