யாத்திராகம அற்புதங்கள்: சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு பள்ளியிலோ வாலிபர் கூட்டத்திலோ இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான கதையைச் சொல்லச் சொன்னால், பலர் வேதாகமத்தைத் திறப்பதே இல்லை. கதைதான் மனப்பாடமாச்சே! சின்ன வயதில் பார்த்த படங்கள், சினிமா, வாட்ஸ்ஆப்பில் வந்த வீடியோக்கள் எல்லாம் கலந்து ஒரு கதை நம் மனதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதை இருக்கும் வேதாகமப் புத்தகமான யாத்திராகமம் சொல்வது அப்படி இல்லை. செங்கல், வைக்கோல், காற்று, பயிர், எந்த ஜாமம் என்பதுவரை விவரத்தோடு நிதானமாகச் சொல்கிறது. நாம் அந்த விவரங்களைத் தள்ளிவிட்டு வாணவேடிக்கையை மட்டும் வைத்துக்கொள்கிறோம், அடிமைகள் விடுதலையான கதை அதில் காணாமல் போய்விடுகிறது.

முதல் தவறு ஆரம்பத்திலேயே வந்துவிடும். "இஸ்ரவேலர்தான் பிரமிடு கட்டினார்கள்." இல்லை. கீசாவின் பெரிய பிரமிடு குஃபு மன்னனுக்காகக் கி.மு. 2560 வாக்கில் கட்டப்பட்டது, யாத்திராகமத்துக்குச் சொல்லப்படும் எந்தக் காலக்கணக்குக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. அவர்கள் கட்டியது பித்தோம், ராமசேஸ் என்ற பண்டசாலைப் பட்டணங்கள் என்று 1ஆம் அதிகாரமே சொல்கிறது. வேலை மண் செங்கல் அறுப்பது. 5ஆம் அதிகாரத்தைக் கட்டாயம் வாசியுங்கள். வைக்கோல் கொடுப்பதை எகிப்தின் ராஜாவான பார்வோன் நிறுத்துகிறான், ஆனால் செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது என்கிறான். ஜனங்கள் தாளடி பொறுக்க தேசமெங்கும் அலைகிறார்கள், கணக்கு குறைந்ததும் அடி வாங்குவது இஸ்ரவேலரிலிருந்தே நியமிக்கப்பட்ட தலைவர்கள். அப்புறம் அவர்களை மீட்கத் தேவன் அனுப்பிய மோசே வந்து விடுதலை வரும் என்று சொன்னபோது, மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும் அவர்களால் அதைக் காதில் வாங்கக்கூட முடியவில்லை என்று 6ஆம் அதிகாரம் சொல்கிறது. இதைத் தாண்டிவிட்டு நேராக நைல் இரத்தமானதற்குப் போனால், அற்புதம் யாருக்காக நடந்தது என்பதே கேட்பவருக்குப் புரியாது.

ஜனங்களை விடாத எகிப்தின்மேல் தேவன் வரப்பண்ணிய பத்து தண்டனைகளான வாதைகளில் ஏகப்பட்ட குழப்பம் உண்டு. பார்வோன் முன்னால் சர்ப்பமானது மோசேயின் கோல் என்று நினைக்கிறோம். அங்கே கோலைப் போட்டவன் அவர் அண்ணன் ஆரோன். (மோசேயின் கோல் சர்ப்பமானது அதற்கு முன்பு, ஓரேப் மலையில்.) எகிப்தின் மந்திரவாதிகள் ஆரம்பத்திலேயே தோற்றார்கள் என்பதும் சரியில்லை. இரத்தத்தையும் தவளையையும் அவர்களும் செய்து காட்டினார்கள், பேன் வந்தபோதுதான் "இது தேவனுடைய விரல்" என்று கைவிரித்தார்கள். இஸ்ரவேலருக்குப் பத்து வாதையிலும் ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்வதும் பழக்கமாகிவிட்டது. ஆனால் இஸ்ரவேலர் குடியிருந்த கோசேன் நாட்டைத் தனியாகப் பிரிப்பேன் என்ற வாக்கு நான்காவது வாதையில்தான் முதலில் வருகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தவளை வாதைதான். அடுப்பிலும் மாவு பிசையும் தொட்டியிலும் தவளை ஏறிக் கிடக்கும்போது, எப்போது வேண்டிக்கொள்ளட்டும் என்று மோசே கேட்கிறார். பார்வோன் "நாளைக்கு" என்கிறான்! இன்னும் ஒரு ராத்திரி தவளையோடு இருக்கச் சம்மதிக்கிறானே தவிர, இப்போதே என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. அவன் யார் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடுகிறது. அதேபோல கல்மழையில் வாற்கோதுமை அழிந்தது, கோதுமை பின்பயிர் என்பதால் தப்பியது என்று எழுதியிருக்கிறது. வயலைப் பார்த்தவர் சொன்ன விவரம் அது. பத்து வாதைகளும் ஒரே வாரத்தில் முடிந்தன என்பதுபோல வேகமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். முதல் வாதைக்குப் பிறகே ஏழு நாள் கழிகிறது.

"தேவனே பார்வோனின் மனதைக் கடினப்படுத்திவிட்டு அவனையே தண்டிப்பது என்ன நியாயம்?" இந்தக் கேள்வி எந்தக் கூட்டத்திலும் வரும். தட்டிக் கழிக்க வேண்டாம், அரைகுறையாகவும் பதில் சொல்ல வேண்டாம். கடினப்படுத்துவேன் என்று தேவன் 4ஆம் அதிகாரத்திலேயே முன்னறிவிக்கிறார், அது உண்மை. ஆனால் வாதைகள் தொடங்கியபின் தவளை போனதும் தன் இருதயத்தைக் கடினப்படுத்தியது பார்வோன், வண்டுகள் போனபோதும் அவன்தான். கர்த்தர் கடினப்படுத்தினார் என்ற வாக்கியம் வாதைகளின் நடுவே முதல்முறை வருவது ஆறாவதான கொப்புளங்களுக்குப் பிறகு. இரண்டையும் அருகருகே வைத்துத்தான் வேதம் சொல்கிறது. நாமும் இரண்டையும் சொல்ல வேண்டும்.

சரி, செங்கடலுக்கு வருவோம். சினிமாவில் கோலை நீட்டியதும் நொடியில் கடல் பிளக்கும். 14ஆம் அதிகாரத்தில் ராமுழுதும் பலத்த கீழ்காற்று (கிழக்கிலிருந்து வரும் காற்று) வீசுகிறது, அவர்களுக்கு முன்னே வழிகாட்டிப் போன தூண் போன்ற மேகஸ்தம்பம் பின்னால் போய் இரண்டு சேனைகளுக்கும் நடுவே நிற்கிறது, ஜனங்கள் ராத்திரியில் கடக்கிறார்கள், விடியும் நேரத்தில் தண்ணீர் திரும்புகிறது. அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு 2010இல் அமெரிக்காவில் கார்ல் ட்ரூஸ் என்பவரும் சக ஆய்வாளரும் கணினி மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார்கள். நைல் டெல்டாவின் கிழக்கே சுமார் 2 மீட்டர் ஆழமுள்ள நீர்நிலையில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று 12 மணி நேரம் வீசினால் தண்ணீர் ஒதுங்கி 4 மணி நேரம் தரை தெரியும் என்று வந்தது. உடனே ஒரு பக்கம் "விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்றார்கள், இன்னொரு பக்கம் "வெறும் காற்றுதானா, அப்போ அற்புதமே இல்லை" என்றார்கள். இரண்டுமே தவறு. அப்படி நடக்க முடியும் என்று மாதிரி காட்டலாம், நடந்தது என்று காட்டாது. வேதத்தை எழுதியவர்களும் காற்றை மறைக்கவில்லை. வெட்டுக்கிளியைக் கொண்டுவந்தது கீழ்காற்று, அடித்துக்கொண்டு போனது மேல்காற்று, பிற்பாடு எண்ணாகமத்தில் காடைகளைக் கொண்டுவந்ததும் காற்று. காற்று வந்த வேளையும் அது யாருக்காக வந்தது என்பதும்தான் அவர்களுக்கு அற்புதம்.

இன்னொன்று, ஃபார்வர்டுகள். பார்வோனின் மம்மியில் உப்பு இருந்தது, ஆகவே கடலில் மூழ்கிச் செத்தவன் என்று ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. எகிப்தில் உடலைப் பதப்படுத்தியதே நேட்ரான் என்ற உப்பில் புதைத்து உலர்த்தித்தான், எந்த மம்மியிலும் உப்பு இருக்கும். அந்தப் பார்வோனின் பெயரையும் யாத்திராகமம் சொல்லவில்லை. இரண்டாம் ராம்சேஸ் என்பது பலரின் கணிப்பு மட்டுமே. கடலடியில் கிடக்கும் ரதச் சக்கரங்கள் என்று வரும் படங்களும் தொல்லியல் ரீதியாக உறுதிசெய்யப்பட்டவை அல்ல. கையில் பிடிக்கும்படி ஒரு சான்று வேண்டுமென்றால் எகிப்திய மன்னன் மெர்னெப்டாவின் கல்வெட்டைச் சொல்லுங்கள். 1896இல் தீப்ஸில் கிடைத்தது, கி.மு. 1208 வாக்கில் கானானில் இஸ்ரவேல் என்ற ஜனம் இருந்ததாகச் சொல்கிறது. அற்புதங்களைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது, அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எகிப்தியர் எல்லோரையும் வில்லன்களாக்கும் வழக்கமும் போக வேண்டும். மோசேயை நதியிலிருந்து எடுத்தவள் பார்வோனின் குமாரத்தி. கல்மழை எச்சரிக்கையைக் கேட்டு வேலைக்காரரையும் மிருகங்களையும் வீட்டுக்குள் ஓட்டிவந்த எகிப்தியர் இருந்தார்கள். பல ஜாதி ஜனங்களும் கூடவே புறப்பட்டார்கள் என்று 12:38 சொல்கிறது. யூதர்கள் இந்த விடுதலையை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை இரவில் பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு துளி திராட்சரசத்தைக் குறைக்கிறார்கள். அடுத்தவர் பட்ட வேதனையில் நம் சந்தோஷம் நிறைவாக இருக்கக் கூடாது என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள்.

வனாந்தரத்தில் தேவன் கொடுத்த உணவான மன்னாவைச் சுட்ட ரொட்டியாக வரையாதீர்கள். கொத்துமல்லி விதை மாதிரி, வெள்ளையாக, தரையில் கிடந்தது. தினமும் காலையில் ஆளுக்கு ஒரு ஓமர் அளவு பொறுக்கி, ஏந்திரத்தில் அரைத்தோ உரலில் இடித்தோ சமைத்தார்கள். அற்புதம் என்றாலும் வேலை இருந்தது, ஆனால் அடிக்க ஆள் இல்லை, ஏழாம் நாள் ஓய்வும் இருந்தது.

கன்மலையிலிருந்து தண்ணீர் வந்ததும் இரண்டு தனித்தனிச் சம்பவங்கள். ரெவிதீம் என்ற இடத்தில் தேவன் கன்மலையை அடிக்கச் சொன்னார், மோசே அடித்தார். பல வருஷம் கழித்து காதேசில் கன்மலையைப் பார்த்துப் பேசச் சொன்னார், மோசே கோபத்தில் இரண்டு தரம் அடித்தார், அதனால் கானானுக்குள் போகும் வாய்ப்பை இழந்தார். இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னால், சொன்னபடி செய்ததற்கே மோசே தண்டனை வாங்கினார் என்றாகிவிடும். யாத்திராகமம் 17, எண்ணாகமம் 20, இரண்டையும் வாசித்துவிட்டு வகுப்புக்குப் போங்கள்.