பழைய ஜன்னலில் ஈயப் பெயிண்ட்: எடுத்த விதம்

கும்பகோணத்துப் பழைய வீடு. தேக்கு ஜன்னல்களில் அடுக்கடுக்காய்ப் பச்சை எனாமல். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90) மேல் கூடாது என்ற தடை 2017 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன் அடித்ததில் ஈயம் இருக்கலாம்; ஆபத்து பழைய அடி அடுக்கில். அதனால் பிளேடால் மரம் தெரியும்வரை சுரண்டி, எல்லா அடுக்கும் சேர்ந்த பெயிண்ட் சில்லை லேபுக்கு அனுப்பினேன். மேல்பூச்சை மட்டும் கொடுத்தால் ரிசல்ட் ஏமாற்றிவிடும்.

ஈயம் இருப்பது உறுதியானதும் குழந்தைகளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தரையில் தடித்த பாலிதீன் விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டினோம். முகத்துக்கு நுண்தூசியை வடிகட்டும் பி100 மாஸ்க். தண்ணீர் தெளித்து, ஈரம் காயுமுன் சாண் சாணாகச் சுரண்டணும். உலர் உப்புத்தாளும் புளோ லேம்ப்பும் (பெயிண்டைத் தீயால் இளக்கும் விளக்கு) கூடவே கூடாது: ஒன்றில் தூசி, மற்றதில் ஈயப்புகை. ஆடிக் காற்றில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். கம்பி சட்டத்தில் நுழையும் இடுக்கில்தான் சில்லு தங்கும். பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சில்லை இரட்டைப் பையில் கட்டுங்கள்; எருக்குழியில் போட்டால் வயலுக்கே போய்விடும். மரம் நன்றாகக் காய்ந்த பிறகே பிரைமர்.