பட்டாளத்துக் கடிதங்களைப் பத்திரப்படுத்துவது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் பணியாற்றினார்கள். வடஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா என்று மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையினர் போன இடங்களிலிருந்து வந்த கடிதங்கள் இன்னும் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் அழிப்பது கரையானைவிட நம் ஆர்வக்கோளாறுதான். பெட்டி கிடைத்த அன்றே எல்லாவற்றையும் கொட்டி, உறையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடிதத்தை லேமினேட் செய்துவிடுகிறார்கள்.

உறையை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள். எங்கே இருக்கிறோம், எங்கே போகிறோம் என்று எழுதத் தணிக்கை விடாது. அதனால் கடிதத்துக்குள் “இவ்விடம் க்ஷேமம்” என்பதற்கு மேல் இடம் பற்றி எதுவும் இருக்காது. உறையில்தான் தணிக்கை முத்திரையும், அனுப்பியவரின் படை எண், பதவி, பிரிவு ஆகியவையும், ராணுவத் தபால் நிலையத்தின் எஃப்.பி.ஓ எண்ணும் இருக்கும். அந்த எண் எந்த ஊருக்கும் சொந்தமல்ல. பிரிகேடு, டிவிஷன் என்ற பெரிய படைப்பிரிவுகள் நகர நகர அதுவும் கூடவே நகரும். எண்ணும் தேதியும் சேர்ந்தால்தான் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும்; தபால் முத்திரை சேகரிப்பாளர்கள் இதற்கான பட்டியல்களைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். தபால்தலைக்காக உறையின் மூலையை வெட்டினால் இந்தத் தடயம் போய்விடும். சுதந்திரத்துக்குப் பிந்தைய 1962, 1965, 1971 போர்க்காலக் கடிதங்களிலும் இதே நிலைதான். “56 ஏ.பி.ஓ” என்ற பொதுவான ராணுவத் தபால் முகவரியை வைத்து இடம் தெரியாது, முத்திரையைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, பெட்டியில் கிடக்கிறபடியே போட்டோ எடுப்பது. எந்தக் கடிதக்கட்டுக்குள் எது இருந்தது, எதற்குள் எது செருகியிருந்தது என்பதைக் கலைக்காமல் பென்சிலால் எண் போடுங்கள்: கட்டு 1, கடிதம் 1, உறை 1. எண்ணைத் துண்டுத் தாளில் எழுதி வைத்தால் போதும். கடிதத்தின் மேலேயே எழுதுவதானால் மென்மையான பென்சிலால், பின்பக்க மூலையில் மட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு தொடுங்கள். பருத்திக் கையுறை வேண்டாம். விரலுக்குப் பிடி தெரியாமல் தாள் கிழியும். போட்டோக்களை மட்டும் ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள்.

துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்பிளையும் பிடித்து இழுக்காதீர்கள். தாளைத் திருப்பி, ஸ்டேப்பிளின் இரண்டு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்திவிட்டு மறுபக்கமாக எடுங்கள். ரப்பர் பேண்ட் உருகி ஒட்டியிருந்தால் வெட்டி எடுத்துவிட்டு, ஒட்டிய பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது.

மடிப்பை நீக்க ஈரத்துணி வைப்பதும், நீராவி காட்டுவதும், இஸ்திரி போடுவதும்தான் மிகப் பெரிய ஆபத்து. போர்க்களத்தில் பேனா மையைவிடக் காப்பியிங் பென்சில் வசதியானது, நிறையப் பேர் அதில்தான் எழுதினார்கள். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில்போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஈரம் பட்டதும் ஊதாவாக மாறி, எழுத்து முழுக்கப் பரவிவிடும். எனவே எது எதனால் எழுதியது என்று தெரியாதவரை நீரே வேண்டாம். கையால் மெதுவாகப் பிரித்து, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே ஒரு கனமான புத்தகத்தை ஒரு வாரம் வையுங்கள். மடிப்பில் தாள் முறிந்திருந்தால் பிரிக்காமல் காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்து ஸ்கேன். இரண்டு பக்கமும், உறையின் இரண்டு பக்கமும், எதுவும் எழுதாத பக்கமும் சேர்த்து, கலரில், குறைந்தது 400 டிபிஐ. போட்டோவுக்கு 600. தானாகத் தாளை இழுக்கும் ஸ்கேனர் வேண்டாம், தட்டையான கண்ணாடி ஸ்கேனரே நல்லது. மூலப்படத்தைத் தரம் குறையாத டிஃப் (TIFF) வடிவில் வைத்துக்கொண்டு, உறவினருக்கு அனுப்ப ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் வந்த படத்தை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அது சுருங்கியிருக்கும். ஃபைல் பெயர் 1943-01-18_கட்டு1_கடிதம்3 என்று தேதியில் தொடங்கினால் தானாகவே வரிசையாகும்.

அந்தத் தேதியைக் கண்டுபிடிப்பதில் கவனம் வேண்டும். பல கடிதங்களில் தமிழ் ஆண்டுப் பெயரும், ௵, ௴, ௳ என்ற ஆண்டு, மாதம், நாள் குறிகளும்தான் இருக்கும். விஷு என்பது 1941–42, சித்ரபானு 1942–43, சுபானு 1943–44, தாரண 1944–45, பார்த்திப 1945–46. சித்திரையில் ஆண்டு மாறுவதால், “சித்ரபானு ௵ தை ௴ 5 ௳” என்பது ஏறக்குறைய 1943 ஜனவரி 18. அதை 1942 என்று போட்டுவிட்டால் ஒரு வருடம் தவறி, ஆள் இருந்த போர்முனையே மாறிவிடும். உறையின் முத்திரையோடு ஒத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். பெயர்த்தெழுதும்போது 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்துகளை இன்றைய வடிவில் தட்டச்சு செய்யலாம். ஆனால் பிழை, பேச்சுவழக்கு, ஊர்ப்பெயரின் எழுத்து எதையும் திருத்தாதீர்கள். படிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்கள் இன்னொருவரை எழுதச் சொன்ன கடிதங்களும் உண்டு. கையெழுத்து மாறினால் அதையும் குறித்து வையுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் சாதாரண பிளாஸ்டிக் உறை வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பிவிசி உறை மோசமான வாடையோடு மையையும் இழுத்துக்கொள்ளும். அமிலமற்ற தாள் உறைகளில், ஒரு உறைக்கு ஒரு கடிதம் என்று வைத்து, அட்டைப்பெட்டியில் படுக்க வையுங்கள். பரண் வேண்டாம், வெளிச்சுவரோடு ஒட்டிய பீரோவும் வேண்டாம். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை வர வாய்ப்பு அதிகம், அதனால் ஈரப்பதத்தை அளக்கும் ஒரு சிறு ஹைக்ரோமீட்டர் வாங்கிப் பெட்டியருகில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பைகளை நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். வேப்பிலையையோ அந்துருண்டையையோ தாளோடு ஒட்ட வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சி தெரிந்தால் ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் தாளின் மேல் நீர் படியும்.

எழுதியவரோ பெற்றவரோ உயிரோடிருந்தால் இந்த வேலைகளைத் தள்ளிவைத்து முதலில் அவர் குரலைப் பதிவு செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்தி, போனை அருகில் வைத்து, ஒருமுறைக்கு முக்கால் மணி நேரம் போதும். “போர் எப்படி இருந்தது தாத்தா?” என்று கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார். கடிதத்தின் பிரதியைக் கையில் கொடுத்து, “இதை எங்கே உட்கார்ந்து எழுதினீங்க? யார் பக்கத்துல இருந்தாங்க? அன்னிக்கு என்ன சாப்பாடு?” என்று கேளுங்கள். அவர் நிறுத்தினால் நீங்கள் இட்டு நிரப்பாதீர்கள். வீட்டில் பாட்டி இருந்தால் அவரிடமும் கேளுங்கள், யார் படித்துக் காட்டினார்கள், பதில் யார் எழுதினார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். தாத்தாவோ பாட்டியோ சொல்வது கடிதத்தோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள், ஒன்றை மற்றொன்றால் திருத்த வேண்டாம். இறந்த சக வீரர்களைப் பற்றிய பகுதிகளை யாருக்குக் காட்டலாம், யாருக்கு வேண்டாம் என்பதைத் தாத்தாவிடமே கேட்டுப் பதிவின் தொடக்கத்தில் சொல்ல வையுங்கள்.

போரில் இறந்தவரின் பெயரை காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடலில் பார்க்கலாம். ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும் என்பதால், உறையிலிருக்கும் படை எண்ணைக் கொண்டு தேடுவதே நல்லது. நூலகத்துக்கோ ஆவணக்காப்பகத்துக்கோ அசலைக் கொடுப்பதானால், முழு ஸ்கேனையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும், அதன் இன்னொரு பிரதியை வேறு ஊரிலிருக்கும் உறவினர் வீட்டிலும் வைத்துவிட்டு, யார் பார்க்கலாம், திருப்பி எடுக்க முடியுமா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு கொடுங்கள்.